தண்டவாளம் யாருடையது? ஜப்பானும் பிரிட்டனும் ரயில்வேயைப் பிரித்த விதம்

ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தால் ஒரு தரப்பு ஜப்பானைக் காட்டும், எதிர்த்தரப்பு பிரிட்டனைக் காட்டும். இரண்டும் தனியார்மயம்தான். பிரித்த விதம்தான் வேறு. தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஜப்பான் 1987 ஏப்ரலில் வட்டாரவாரியாகப் பிரித்தது: ஆறு பயணிகள் நிறுவனங்கள், ஒரு சரக்கு நிறுவனம். தோக்கியோ பகுதி ஜேஆர் ஈஸ்ட்டுக்குப் போனது. தண்டவாளம், சிக்னல், ரயில், நிலையம் எல்லாமே அதன் கையில். வண்டி தாமதமானால் பழிபோட வேறு ஆளில்லை. நிலையத்திலேயே கடைவளாகம் கட்டி வாடகையும் வாங்குவதால் டிக்கெட் காசை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அரசு நடத்தியபோது 1976-ல் ஒரேயடியாக 50 சதவீதம் கட்டணம் ஏறியது. ஜேஆர் ஈஸ்ட்டோ வரி போன்றவை தவிர, 2026 மார்ச் வரை 30 ஆண்டுகளுக்கு மேல் அடிப்படைக் கட்டணத்தை ஏற்றவே இல்லை. சும்மா கிடைத்த சலுகை இல்லை இது. பழைய கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதில் பெரும்பகுதியைப் புது நிறுவனங்களின் தலையில் கட்டாமல் அரசு ஒதுக்கி வைத்தது. வடக்கே ஹொக்கைடோ தீவில் ஆள் குறைந்த பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

நேரம் தவறாமைக்கும் ஒரு விலை உண்டு. 2005 ஏப்ரலில் ஒசாகா அருகே அமகசாகியில், ஒன்றரை நிமிடம் போலத் தாமதமான வண்டி 70 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாத வளைவில் 116 கி.மீ. வேகத்தில் போய்க் கவிழ்ந்தது. ஓட்டுநரோடு 107 பேர் பலி. தாமதித்த ஓட்டுநர்களை, அந்த வண்டியை நடத்திய ஜேஆர் வெஸ்ட் தண்டித்த முறை பிறகு கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

பிரிட்டன் 1994 முதல் குறுக்கே வெட்டியது. தண்டவாளம் ரயில்ட்ராக் என்ற கம்பெனியிடம், பெட்டிகள் வாடகைக்கு விடும் கம்பெனிகளிடம், ஓட்டுவது சுமார் 25 கம்பெனிகளிடம். மூன்று நிமிடம் தாமதமானால் யார் குற்றம் என்று கணக்கெழுதவே தனியாக ஆள்! பராமரிப்பும் ஒப்பந்தக்காரர்களிடம். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் கண்ட தண்டவாளம் நொறுங்கி 4 பேர் இறந்தார்கள். வேறெங்கெல்லாம் அப்படி விரிசல் என்பது ரயில்ட்ராக்குக்கே சரியாகத் தெரியவில்லை. நாடு முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். அடுத்த ஆண்டே ரயில்ட்ராக் திவால் நடவடிக்கைக்குள் போனது. சீசன் டிக்கெட் விலையோ பல ஆண்டுகள் பணவீக்கத்தையும் தாண்டி ஏறியது. பயணிகள் எண்ணிக்கை இரட்டிப்பானதும் உண்மைதான். நெரிசலும் கூடவே வந்தது.

லண்டன்காரர்களுக்கு உருப்படியாக அமைந்தது ஓவர்கிரவுண்ட் என்ற நகர ரயில் சேவை. 2007-ல் நகரப் போக்குவரத்து அமைப்பு சில பாதைகளைத் தானே எடுத்துக்கொண்டது. கட்டணமும் அட்டவணையும் அதன் முடிவு, ஓட்டுகிற கம்பெனிக்குக் கூலி. கவனிப்பாரற்றுக் கிடந்த பாதைகளில் கூட்டம் அலைமோதியது. நகரத்துக்கு எது ஏற்றது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கடையும் கடன் விலக்கும் சேர்ந்த தோக்கியோ முறையை வேறு ஊரில் நட்டு வளர்ப்பது கஷ்டம்.

பிரிட்டன் இப்போது திரும்பி நடக்கிறது. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே அரசிடம் வந்தது. தண்டவாளத்தையும் ரயில் ஓட்டுவதையும் கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது திட்டம். பெட்டிகள் மட்டும் வாடகைக் கம்பெனிகளிடமே இருக்கும்.