டச்சுக்குடா பக்கம் மூண்டு இரவு பிரெஞ்சுப் படம், போய்ப் பாத்தாச்சு

போன மாசம் திருகோணமலை டச்சுக்குடா கடற்கரைப் பக்கம் இருக்கிற ஒரு சின்ன கபேல மூண்டு நாள் பின்னேரம் படம் போட்டாங்க, ஒரு நாளைக்கு 800 ரூபா, பிளேன் டீயும் ரெண்டு ரோல்ஸும் அதுக்குள்ளயே. கடைப் பேர் போடேல்ல, ஏனெண்டா கொஞ்சம் குறையும் சொல்லப்போறன், பாவம் புதுசா தொடங்கின பொடியன்கள்.

போட்டது முழுக்க ஒரே ஆளிட படம், பத்ரிஸ் ஷெரோ எண்ட பிரெஞ்சு இயக்குநர். அடிப்படையில நாடகக்காரர். 1966ல, இருபத்தொண்டு இருபத்திரெண்டு வயசிலேயே பாரிசுக்குப் பக்கத்துல சார்த்ரூவில் எண்ட ஊர் தியேட்டர இவரிட கையில குடுத்திட்டாங்க. 1976ல ஜெர்மனியில பைரோய்த்துக்குப் போய் வாக்னர் எண்ட இசைக்காரரிட 'ரிங்' எண்ட நாலு ஒபேரா, அதாவது பாட்டு நாடகத் தொடர மேடையேத்தினார், கதையில ரைன் ஆத்துப் பொம்பிளைகள் நீந்த வேண்டிய இடத்துல கரண்ட் எடுக்கிற அணைக்கட்டக் கொண்டுவந்து வச்சா சனம் சும்மா இருக்குமா, கூவித் தள்ளிட்டாங்க. 1980ல அதே தயாரிப்பு கடைசியா ஓடேக்க அதே ஊர்ல கைதட்டு நிக்கவே இல்லையாம். இதுக்கிடையில 1975லயே முதல் படமும் எடுத்திட்டார், நாடகத்தயும் விடேல்ல.

நான் பள்ளிக்கூடத்துல கூத்தாடினவன், அதால ஒரு பயத்தோடதான் போனன். நாடகக்காரர் படம் எடுத்தா ஆக்கள் வரிசையா நிண்டு எங்களப் பாத்து வசனம் பேசுற மாதிரி இருக்குமே. முதல் நாள் 'லா ரேன் மார்கோ', 1994 படம், கதை 1572ல பாரிசில நடக்குது, அரச கலியாணத்துக்கெண்டு வந்த புரொட்டஸ்தாந்து ஆக்கள ஒரு இரவுல தொடங்கி நாள்கணக்கா வெட்டிச் சாய்ச்ச கதை. மேடையில தூரத்துல வச்சுக் காட்டின மனுசன், கமரா கிடைச்சோண்ண முகத்துக்குக் கிட்டப் போய் நிண்டிட்டார், வேர்வை, ரத்தம், மூச்சு எல்லாம் பக்கத்துல. தெருவில பிணத்த இழுத்துக்கொண்டு போறத எங்கட ஊர் ஆக்களால சும்மா சரித்திரமெண்டு பாக்கேலாது. ரோல்ஸ் ஆறிப்போய்க் கிடந்தது.

ரெண்டாம் நாள் 'கப்ரியேல்', 2005. இசபெல் உப்பேர் நல்லாத்தான் நடிக்கிறா, ஆனா ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு பேர் கதைச்சுக் கதைச்சு எனக்கு நித்திரை. அதோட சப்டைட்டில் வசனத்துக்கு நாலஞ்சு செக்கன் பிந்தி வந்தது, அவ பேசினது அவன் பேசுற மாதிரி. பிறகு கரண்ட் போய் கால் மணித்தியாலம் இருட்டுல இருந்தம். காசு வாங்கினா முதல் நாளே ஒருக்கா போட்டுப் பாத்திருக்கோணும் தம்பிமார்.

மூண்டாம் நாள் 'சொன் ஃபிரேர்', இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன். 2003ல பெர்லின் படவிழாவில சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடி எடுத்த படம். ரத்தத்துல வருத்தம் வந்த அண்ணன், கன காலம் ஒட்டில்லாம இருந்த தம்பி. ஒப்பரேசனுக்கு முதல் ரெண்டு நேர்ஸ்மார் அண்ணன்ட உடம்பு முழுக்க ரேசரால வழிக்கிறாங்க, நெஞ்சு, வயிறு, ஒண்டும் விடாம, பாட்டும் இல்ல வசனமும் இல்ல, வழிக்கிற சத்தம் மட்டும், முடியுது முடியுது எண்டு பாத்தா முடியுதே இல்ல. அப்பாவ ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகேக்க இதே வேலைக்கு என்னத்தான் துவாய் பிடிக்கச் சொன்னாங்க, நான் சுவரப் பாத்துக்கொண்டு நிண்டனான். இங்க சுவரப் பாக்க வழியில்ல. படத்துலயும் கடல், திரைக்குப் பின்னாலயும் கடல், கச்சான் காத்துக்கு வெள்ளைச் சீலை ஊதி அவன்ட நெஞ்சு மேல ஏறி இறங்கினது, மூச்சு விடுற மாதிரி. அந்த நேரம் பாத்து ஒரு மான் வந்து புரஜெக்டருக்கு முன்னால நிண்டிட்டுப் போச்சு, ஒருத்தரும் கலைக்கேல்ல.

2001ல அதே விழாவில தங்கக்கரடி எடுத்த இவரிட 'இன்டிமசி' படத்தப் போடேல்ல. குடும்பத்தோட ஆக்கள் வாற இடம், படம் தெரிஞ்சவங்களுக்கு ஏனெண்டு விளங்கும்.

டீ நல்லம், ரோல்ஸ் பரவாயில்ல, பிளாஸ்டிக் கதிரையில ரெண்டரை மணித்தியாலம் இருந்தா முதுகு போயிடும், தலகணி ஒண்டு கொண்டு போங்க. நுளம்புத்திரியும்.