டான்யூப் கரையில் ஒரு பதினெட்டாம் நூற்றாண்டு: ஹங்கேரியின் வாட்ஸ் நகரில் ஒரு நாள்

டான்யூப் வளைவைப் பார்க்கப் புடாபெஸ்ட்டிலிருந்து கிளம்பும் பயணிகள் பெரும்பாலும் ஆற்றின் வலக்கரையோடு நின்றுவிடுகிறார்கள். சென்டென்ட்ரேயின் ஓவியக் கூடங்களும், விஷெக்ராட்டின் மலைக்கோட்டையும், எஸ்டெர்கோமின் பேராலயமும் அந்தக் கரையில் இருப்பதால் சுற்றுலாப் பேருந்துகளும் படகுகளும் அங்கேதான் மொய்க்கின்றன. எதிர்க்கரையில், தலைநகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், முப்பதாயிரத்துச் சொச்சம் மக்களோடு இருக்கும் வாட்ஸ் நகரைப் பலர் படகின் மேல்தளத்திலிருந்து பார்த்தபடியே கடந்துபோய்விடுகிறார்கள். ஹங்கேரியில் கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் ஊர் இதுதான். அதற்கான காரணங்களையும், அந்த ஊரில் எனக்கு நிறைவு தராதவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

போய்ச் சேர்வது மிக எளிது. புடாபெஸ்ட்டின் நியுகாட்டி ரயில் நிலையத்திலிருந்து விரைவு வண்டியில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் வாட்ஸ் வந்துவிடும். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டி சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஹங்கேரியின் முதல் நீராவி ரயில் பாதையே இதுதான். 1846ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் பெஸ்ட்டுக்கும் வாட்ஸுக்கும் இடையே அது திறக்கப்பட்டது. நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்குப் பத்து நிமிட நடைதான். பேருந்தோ வாடகைக் காரோ தேவைப்படாது. பார்க்க வேண்டிய அனைத்தும் கால்நடையாகவே எட்டிவிடும் தொலைவில் இருக்கின்றன.

நடை முதலில் கொண்டு சேர்ப்பது மார்ச் 15 சதுக்கம். ஹாப்ஸ்பர்க் ஆட்சிக்கு எதிரான 1848ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சி தொடங்கிய நாளின் பெயரைத் தாங்கிய இந்த இடம், நீண்டு சரிந்து, இருபுறமும் மஞ்சளும் வெளிர் சிவப்புமான, அலங்காரம் மிகுந்த பரோக் பாணி வீடுகளோடு, ஒரே காலத்தில் ஒரே மனத்தோடு கட்டப்பட்டது போலத் தோன்றும். அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் துயரமான காரணம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக் காலம் உதுமானியத் துருக்கியருக்கும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் படைகளுக்கும் இடையே மாறி மாறிச் சிக்கிய பழைய நகரம் சிதைந்துபோனது. எஞ்சியதிலும் பெரும்பகுதியை 1731ஆம் ஆண்டின் பெருந்தீ அழித்தது. ஆகவே இன்று நாம் காண்பது ஏறக்குறைய முழுவதும் பதினெட்டாம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்ட ஊர். இடைக்காலத்தின் எச்சமாகச் சதுக்கத்தின் நடுவே புனித மைக்கேல் தேவாலயத்தின் அடித்தளம் தெரிகிறது. ஆற்றோரத்தில் பழைய மதிலின் கூர்முனைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. சதுக்கத்தின் ஓரத்தில் முன்னாள் ஆயர் மாளிகையில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளி இருக்கிறது. ஹங்கேரியில் அத்தகைய முதல் பள்ளியாக 1802இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. அதன் வாசலைக் கவனிக்காமல் கடந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்தச் சதுக்கத்துக்கு வருபவர்கள் எதைத் தவறவிட்டாலும் மெமென்டோ மோரி ('இறப்பை மறவாதே' என்று பொருள்படும் லத்தீன் தொடர்) காட்சிக்கூடத்தைத் தவறவிடக் கூடாது. சதுக்கத்தில் நிற்கும் டொமினிக்கன் தேவாலயத்தை 1994இல் சீரமைத்துக்கொண்டிருந்தபோது, சுவர் எழுப்பி மூடப்பட்டு எல்லோராலும் மறக்கப்பட்டிருந்த நிலவறை ஒன்று வெளிப்பட்டது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்த 260க்கும் மேற்பட்ட சவப்பெட்டிகளில், 1731 முதல் 1838 வரை அடக்கம் செய்யப்பட்ட வாட்ஸ் நகரத்தாரின் உடல்கள் பல, தோலும் முடியும் உடையும் கெடாமல் உலர்ந்து கிடந்தன. யாரும் அவற்றைத் திட்டமிட்டுப் பதப்படுத்தவில்லை. நிலவறையின் மாறாத குளிர்ச்சியும், மெல்லிய காற்றோட்டமும், பெட்டியின் அடியில் பரப்பப்பட்டிருந்த மரச்சீவல்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டதும் சேர்ந்து தாமாகவே செய்த வேலை அது.

காட்சிக்கூடம் சதுக்கத்தின் வீடு ஒன்றின் அடியிலுள்ள பழைய பாதாள அறையில் அமைந்திருக்கிறது. படியிறங்கும்போதே குளிர் உடலில் ஏறும். கோடையிலும் மேற்சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. என்னைக் கட்டிப்போட்டவை உடல்களைக் காட்டிலும் பெட்டிகளே. பைன் மரத்தில் செய்து வண்ணம் தீட்டிய அவற்றின்மேல் சிலுவை, மண்டையோடு, மணற்கடிகாரம், பூங்கொத்து ஆகியவற்றை உள்ளூர்க் கைவினைஞர்கள் வரைந்திருக்கிறார்கள். மண்டையோட்டின் பற்களை ஒரு கை நிதானமாக ஒவ்வொன்றாகக் கோடிட்டிருக்கிறது. இன்னொரு கை அவசரத்தில் ஒரே இழுப்பில் முடித்திருக்கிறது. பல பெட்டிகளில் இறந்தவரின் பெயரும், வயதும், இறந்த ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தைகளின் பெட்டிகள் கைக்கு அடக்கமானவை. ஜெபமாலைகள், சிறு சிலுவைகள், காலுறைகள், தலைத்துணிகள் ஆகியவை கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கின்றன. அரசர்களின் புதையலை எந்த அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம்; ஒரு சிற்றூரின் சாதாரணக் குடிமக்கள் எந்த உடையில், எந்த நம்பிக்கையோடு வழியனுப்பப்பட்டார்கள் என்பதை இவ்வளவு அருகில் காட்டும் இடம் அரிது.

இந்தப் பெயர்களைத் தேவாலயத்தின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட முடிந்ததால் மருத்துவ வரலாற்றுக்கு இந்த நிலவறை பெரும் கொடையாக அமைந்தது. உடல்களில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடயங்கள் பரவலாகக் கிடைத்தன. தெரேசியா ஹவுஸ்மன் என்ற பெண் 1797ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தம் 28ஆம் வயதில் இறந்தார். அவருடைய தாயின் உடலும் சகோதரியின் உடலும் அதே நிலவறையில் கிடைத்தன, மூவரிடமும் அதே நோயின் தடயம் இருந்தது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று எட்டு உடல்களிலிருந்து பதினான்கு காசநோய்க் கிருமி மரபணுத் தொகுப்புகளை மீட்டெடுத்து, ஒரே நோயாளியின் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட கிருமி வகைகள் சேர்ந்திருப்பது அன்று சாதாரணமாக இருந்ததைக் காட்டியது. காசநோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882இல். தம் வீட்டை எது அழிக்கிறது என்பதை அறியும் வாய்ப்பே அந்தக் குடும்பத்துக்கு இருக்கவில்லை. காசநோயின் சுமையை இன்றும் சுமக்கும் நாட்டிலிருந்து போகிறவருக்கு இந்தச் செய்தி இன்னும் ஆழமாகத் தைக்கும்.

குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். உடல்களில் பெரும்பாலானவை புடாபெஸ்ட்டிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருப்பதால், வாட்ஸில் நாம் காண்பது ஒரு சிலவற்றை மட்டுமே. நூற்றுக்கணக்கில் பார்க்கலாம் என்று எண்ணிச் செல்பவர்கள் ஏமாறுவார்கள். பெட்டிகளைப் படிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது. இறந்த உடல்களைக் காட்சிக்கு வைப்பது சரியா என்ற தயக்கம் உள்ளே நிற்கும்போது எனக்கும் எழுந்தது. வைத்திருக்கும் முறை அடக்கமானது, பரபரப்புக்கு இடம் தராதது என்பதையே பதிலாகச் சொல்ல முடியும். சிறு குழந்தைகளோடு செல்பவர்கள் முன்கூட்டியே யோசித்து முடிவெடுக்கட்டும்.

அதே காலத்தின் மறுமுகம் சில நிமிட நடையில் நிற்கும் பேராலயம். 1772இல் அருட்பொழிவு செய்யப்பட்ட இந்தக் கோயில், ஆயர் கிறிஸ்டோஃப் மிகாட்ஸியின் விருப்பப்படி இசிடோர் கனேவாலே என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. வாசலில் ஆறு பெரும் தூண்கள் நிற்கின்றன. அலங்காரத்தைக் குறைத்துக்கொண்ட அந்த இறுக்கமான முகப்பு பரோக் நகரத்தின் நடுவே சற்று அந்நியமாகத் தெரியும். ஹங்கேரியில் பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றும் புதுச்செவ்வியல் பாணி கால்பதித்த முதல் இடங்களுள் ஒன்று இது என்பதுதான் காரணம். உள்ளே குவிமாடத்திலும் பீடத்தின் பின்னாலும் உள்ள சுவரோவியங்கள் ஃப்ரான்ஸ் அன்டன் மௌல்பெர்ட்ச் வரைந்தவை. பீடத்துக்குப் பின்னால் மரியாவும் எலிசபெத்தும் சந்திக்கும் காட்சி மிகாட்ஸிக்குப் பிடிக்காததால் மறைக்கப்பட்டுவிட்டது. 1944இல்தான் அது மீண்டும் வெளிச்சம் கண்டது. குவிமாடத்தின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தால் வண்ணங்கள் மேகத்தைப் போலச் சுழன்று மேலேறும். வெளியே வெயில் நன்றாக இருக்கும் நேரத்தில் இங்கே வருவது சிறப்பு.

நகரின் வடக்கு முனையில் உள்ள வெற்றி வளைவும் மிகாட்ஸியின் ஏற்பாடுதான். ஹங்கேரியையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் மகாராணி மரியா தெரேசா 1764இல் வருகை தந்தபோது அவரை வரவேற்க எழுப்பப்பட்டது. கல் சரிந்துவிடுமோ என்று அஞ்சி ராணி அதன் கீழே செல்லவே இல்லை என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. வளைவைவிட அதன் அருகில் உள்ள கட்டடமே என் நினைவில் நின்றது. பிரபுக்களின் பிள்ளைகள் படிக்க மரியா தெரேசா ஏற்படுத்திய கல்விக்கூடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சிறையாக்கப்பட்டு, இன்றும் சிறையாகவே இயங்கி வருகிறது. சோவியத் ஆதரவு பெற்ற ஆட்சிக்கு எதிரான 1956 புரட்சிக்குப் பின் அரசியல் கைதிகள் பலர் இங்கே அடைக்கப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான ஆர்பாட் கோன்ட்ஸ் ஆயுள் தண்டனை பெற்று, 1963 பொது மன்னிப்பில் வெளிவந்து, 1990இல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவரானார். உள்ளே போக முடியாது. மதிலை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. ஆயினும் இந்த ஊரின் பொலிவான முகப்புகளை மட்டும் பார்த்துத் திரும்பாமல் இருக்க இந்தச் சுவரும் தேவை.

உணவில் வாட்ஸ் எனக்கு முழு நிறைவு தரவில்லை. சதுக்கத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட இடங்கள் உண்டு. இனிப்புக் கடைகள் மிகத் தரமானவை, குறிப்பாக மெல்லிய அடுக்குகளுக்கிடையே பாலேடு நிறைந்த க்ரேமெஷ் என்ற இனிப்பைச் சாப்பிட்டே ஆக வேண்டும். மதிய உணவுதான் சிக்கல். ஓர் உணவகத்தில் இறைச்சி கலக்காதது என்று உறுதி சொல்லிப் பரிமாறிய பீன்ஸ் சூப்பில் புகையூட்டிய பன்றி இறைச்சித் துண்டுகள் மிதந்தன. சைவ உணவு உண்பவர்கள் பொரித்த பாலாடைக்கட்டியையோ, கோடையில் கிடைக்கும் குளிர்ந்த புளிப்புச் செர்ரி சூப்பையோ கேட்பது பாதுகாப்பு. அதைவிட எளிய வழி லாங்கோஷ். நம் சோலாப்பூரியைக் காட்டிலும் தடித்த, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்த மாவை எண்ணெயில் பொரித்து, பூண்டு நீர் தடவி, புளித்த பாலேடும் துருவிய பாலாடைக்கட்டியும் போட்டுச் சூடாகத் தருவார்கள். ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும். யூரோ இங்கே நாணயம் அல்ல. கையில் கொஞ்சம் ஃபோரின்ட் இருக்கட்டும்.

பிற்பகலை ஆற்றங்கரைக்கு ஒதுக்குங்கள். பெரிய மரங்களின் நிழலில் நீளும் நடைபாதை, எதிரே சென்டென்ட்ரே தீவின் பசுங்கரை, நடுவே அகன்று விரைந்து செல்லும் டான்யூப் என்று வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கத் தகுந்த இடம் அது. உள்ளூர் மக்கள் நாய்களோடும் குழந்தை வண்டிகளோடும் மிதிவண்டிகளோடும் வருகிறார்கள். நினைவுப் பொருள் விற்போரின் தொல்லை கிடையாது. தெற்கே சற்று நடந்தால் கோம்பாஷ் ஓடையின் மேல் 1750களில் கட்டப்பட்ட கல்பாலம் வரும். புனிதர்களின் சிலைகள் இருபுறமும் நிற்கும் இந்தப் பரோக் பாலத்தைத் தேடி வருபவர்கள் குறைவு. பெருஞ்சாலைக்கு அருகே இருப்பதால் அமைதி எதிர்பார்க்க முடியாது. நேரம் குறைவாக இருந்தால் இதை விட்டுவிடலாம்.

இரவு வாழ்க்கையும் கடைவீதிகளும் தேடுபவர்களுக்கு இந்த ஊர் பொருந்தாது. மாலை ஆனதும் சதுக்கம் சீக்கிரமே அடங்கிவிடுகிறது. ஹங்கேரியில் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்து, காலையிலேயே நிலவறைக் காட்சிக்கூடத்தை முடித்துக்கொண்டு, நண்பகலில் பேராலயத்துக்குச் செல்வது நல்ல வரிசை. நேரம் மிஞ்சினால், காரும் மிதிவண்டியும் ஆட்களும் சேர்ந்து ஏறும் படகில் தஹிடோட்ஃபலு பக்கம் தீவுக்குப் போய்வரலாம். ஆற்றின் நடுவிலிருந்து பேராலயமும் கூர்முனைக் கோபுரமும் ஒன்றாகத் தெரிவது அந்தப் படகில்தான். திரும்பி வரும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் ஏறுமுன் படகுத்துறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.