ஜெர்மனியில் முதல் வீடு: விடுதியா, வேகேயா, தனி ஸ்டுடியோவா?

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்ய ஓராண்டு எடுத்துக்கொள்கிறார்கள். எங்கே தங்குவது என்ற கேள்வியோ விமான டிக்கெட் எடுத்த பிறகுதான் தலைதூக்குகிறது. அப்போது முன்னால் இருப்பவை பெரும்பாலும் மூன்று வழிகள். ஸ்டுடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதி ஒன்று. நாலைந்து பேர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில் ஓர் அறை, அதாவது அங்கே எல்லோரும் வேகே என்று சொல்வது, இன்னொன்று. தனியார் நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே கட்டி வாடகைக்கு விடும் ஒற்றை அறை ஸ்டுடியோ மூன்றாவது.

எல்லோரும் இந்த மூன்றையும் வாடகையை வைத்தே எடை போடுகிறார்கள். வாடகை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அதற்கும் முன்னால் நிற்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வீட்டைக் காட்டி முகவரிப் பதிவு செய்ய முடியுமா?

ஆன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவைக் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர நிர்வாக அலுவலகத்தில் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தவறினால் 1000 யூரோ வரை அபராதம் போட இடமிருக்கிறது. பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே அதைவிட அதிக நாள் ஆகும் என்பது வேறு கதை. 2015 நவம்பரிலிருந்து, இவர் இங்கே குடிவந்திருக்கிறார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவு முடிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் பகுதிநேர வேலையில் சேர்ந்தால், உச்சபட்ச வரியைப் பிடிக்கும் ஆறாம் வகுப்பில் போட்டுச் சம்பளம் தரக்கூடும். பிறகு கணக்குக் காட்டித்தான் அதைத் திரும்பப் பெற முடியும். விசா முடிவதற்குள் வாங்க வேண்டிய குடியிருப்பு அனுமதிக்கும் அதே பதிவுச் சான்றுதான் கேட்பார்கள். ஆக, வந்த முதல் மாதத்தில் அந்த ஒற்றைச் சீட்டைத் தராத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் மலிவு இல்லை.

இந்த ஒரு அளவுகோலில் விடுதிக்கு இணை இல்லை. அறைச் சாவி வாங்கும்போதே உறுதிச் சீட்டையும் கேட்டு வாங்கிவிடலாம். பெரும்பாலான ஊர்களில் மாதம் 250 முதல் 400 யூரோவுக்குள் அறை கிடைக்கிறது. வெப்பம், தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் பொதுவாக அதற்குள் அடக்கம். கட்டில், மேசை, நாற்காலி, அலமாரி இருக்கும். வேகேயில் பல நேரம் வெறும் நான்கு சுவர்தான் கிடைக்கும். முந்தைய வாடகைக்காரர் திரைச்சீலைக் கம்பி முதல் மின்விளக்கு வரை கழற்றிக்கொண்டு போயிருப்பார்.

சிக்கல் காத்திருப்பில் இருக்கிறது. மியூனிக்கில் 1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகள் தங்கிய பகுதி இன்று மாணவர் குடியிருப்பு. குடியிருப்பவர்களே சுவரில் வண்ணம் தீட்டிய குட்டி பங்களாக்களின் வரிசையைப் பார்த்தவுடன் அங்கேயே தங்கிவிடத் தோன்றும். ஆனால் அந்த நகரில் விடுதி இடத்துக்கு மாதக்கணக்கில் அல்ல, செமஸ்டர் கணக்கில் காத்திருக்க வேண்டும். கிழக்கே கெம்னிட்ஸ், இல்மெனாவ் போன்ற ஊர்களில் நிலைமை வேறு. நேரத்தோடு விண்ணப்பித்தவர்களுக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. விதிகளும் ஊருக்கு ஊர் மாறுகின்றன. சில இடங்களில் சேர்க்கைக் கடிதம் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம், சில இடங்களில் கூடாது. குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது என்பதால் ஆகஸ்ட் மாதம் விழித்துக்கொள்பவர்கள் ஏற்கெனவே வரிசையின் கடைசியில் இருக்கிறார்கள்.

விடுதி வாழ்க்கையின் உண்மையான முகம் சமையலறை. நீண்ட நடை, இருபுறமும் அறைகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. ஃப்ரிட்ஜில் ஆளுக்கொரு பூட்டிய தட்டு, சுவரில் ஆளுக்கொரு பூட்டிய பெட்டி. இரவு எட்டு மணிக்கு அங்கே நிற்கும் நெரிசலில் குக்கரை எடுத்து வைத்தால், விசில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்புவார். அதுகூடப் பரவாயில்லை. காய்ந்த மிளகாய்த் தாளிப்புதான் ஆபத்து. சில விடுதிகளில் புகை உணரும் அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். மிளகாய் கருகினால் வாசலில் வண்டி வந்து நிற்கும், செலவுச் சீட்டும் பின்னாலேயே வரலாம். ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டு, சமையலறைக் கதவை நடைபக்கம் சாத்திவிட்டுத் தாளிப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

இன்னொன்று சாவி. ஒரே சாவி முன்வாசலையும் அறையையும் அஞ்சல் பெட்டியையும் திறக்கும். அதைத் தொலைத்தால் சில நேரம் பல பூட்டுகளை மாற்ற வேண்டிவரும், கட்டணம் நூற்றுக்கணக்கில் போகும். பிறருக்கு நாம் உண்டாக்கும் சேதத்துக்கு ஈடுகட்டும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு எடுப்பவர்கள், சாவி இழப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுப்பது நல்லது.

விடுதிக்கு எதிராக எனக்குள்ள பெரிய மனக்குறை மொழி சார்ந்தது. 2024/25 குளிர்கால செமஸ்டரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 59,000 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் அவர்கள்தான் முதலிடம். பொறியியல் படிப்புக்குப் பேர்போன ஊர்களில் ஒரு மாடியில் தமிழ் பேசுபவர்கள் நாலு பேர் கிடைத்துவிடுகிறார்கள். முதல் மாதம் அது பெரிய ஆறுதல். மூன்றாவது செமஸ்டரிலும் ரொட்டிக் கடையில் விரலால் சுட்டிக் காட்டி வாங்குகிற நிலைமைக்கும் அதுவே காரணம்.

வேகேயில் அந்தக் குறை இல்லை. உடன் இருப்பவர்கள் ஜெர்மன்காரர்கள் என்றால் பத்து நாளில் காதில் விழும் மொழி, வகுப்பறையில் ஒரு செமஸ்டரில் விழாது. ஆனால் உள்ளே நுழைவது ஏறக்குறைய பெண் பார்க்கும் படலம்தான். வேகே-கெசுக்ட் தளத்தில் விளம்பரம் பார்த்து எழுத வேண்டும். மியூனிக், ஹாம்பர்க் போன்ற இடங்களில் நல்ல அறைக்கு ஒரே நாளில் கடிதங்கள் வந்து குவியும். எல்லோருக்கும் அனுப்பும் ஒரே வாசகத்தை ஒட்டி அனுப்பினால் பதிலே வராது. விளம்பரத்தின் நடுவில் சிலர் வேண்டுமென்றே ஒரு சொல்லை ஒளித்து வைத்து, அதைக் கடிதத்தில் குறிப்பிடச் சொல்வார்கள். முழுதாகப் படித்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும் தந்திரம் அது. பிறகு நேரிலோ வீடியோவிலோ பேச்சு: புகைப்பீர்களா, சுத்தம் செய்யும் முறைப்பட்டியலை மதிப்பீர்களா, வாரத்தில் ஒரு நாளாவது சேர்ந்து சாப்பிட வருவீர்களா. வாடகையைப் பகிர்ந்துகொள்ள மட்டும் கூடியிருக்கும் வேகேக்களும் உண்டு. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அவையே மேல், குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

வேகே என்று ஒரே பெயரில் அழைத்தாலும் ஒப்பந்தம் மூன்று விதமாக இருக்கலாம். இந்தியாவிலிருந்து தேடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வீட்டுக்காரர் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் போடுவது முதல் வகை, மூன்றில் பாதுகாப்பானது. எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது இரண்டாவது. இதில் ஒருவர் வாடகை கட்டாமல் நழுவினால் வீட்டுக்காரர் மொத்தத்தையும் உங்களிடம் கேட்கலாம். ஒருவர் மட்டும் முதன்மை வாடகைதாரராக இருந்து மற்றவர்களுக்கு உள்வாடகைக்கு விடுவது மூன்றாவது. புதிதாக வருகிறவர்களுக்கு அதிகம் கிடைப்பது இதுதான். இதில் உறுதிச் சீட்டில் அந்த முதன்மை வாடகைதாரரே கையெழுத்திடலாம், வீட்டு உரிமையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அப்படியிருந்தும் ‘ஆன்மெல்டுங் முடியாது’ என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள் என்றால், உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விடுகிறார்கள் என்பதே பெரும்பாலும் பொருள். விஷயம் வெளிப்பட்டால் அந்த முதன்மை வாடகைதாரரின் ஒப்பந்தம் ரத்தாகலாம், உங்கள் பெட்டியும் தெருவுக்கு வரும். வேறு யாருடைய முகவரியிலாவது பெயருக்குப் பதிந்துகொள்ளலாம் என்று யோசனை சொல்லும் அண்ணன்மார்கள் எல்லா ஊரிலும் உண்டு. குடியிருக்காத ஒருவருக்கு முகவரி கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருப்பதை அவர்கள் சொல்வதில்லை.

பணக் கணக்கில் வேகே ஊரைப் பொறுத்தது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். மியூனிக்கில் வேகே அறையின் சராசரி வாடகை 800 யூரோவை ஒட்டி நிற்கிறது. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்கு 140, 150 யூரோ போனால் மிச்சத்தில் அரிசிகூட வாங்க முடியாது. ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் அங்கே போகிறார்கள். வேலை கிடைக்காத முதல் மாதங்களை அந்தக் கணக்கு தாங்காது. லைப்சிக்கிலோ மாக்டபுர்கிலோ இதே அறை ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும்.

சின்னச் சின்ன விஷயங்களில் வேகே லாபமாகவும் இருக்கும். வானொலி தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வேகேயில் நாலு பேர் இருந்தால் அதை நாலாகப் பங்கிடலாம். பொது நடையில் தனித்தனிக் கதவோடு இருக்கும் விடுதி அறை ஒவ்வொன்றும் தனி வீடாகவே எண்ணப்படும், ஆளுக்கு முழுத் தொகை. டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று வாதாடிப் பயனில்லை.

டெபாசிட் விஷயத்தில் சட்டம் வாடகைக்காரர் பக்கம். வெப்பம், தண்ணீர் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத் தொகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய காதுக்கு இது அதிசயமாகத் தோன்றும். இந்தப் பழக்கத்தைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நகர மையத்தில் அழகான ஃப்ளாட், நம்ப முடியாத வாடகை, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவாராம். வீட்டை யாராவது நேரில் பார்க்காமல், குறைந்தது வீடியோவில் அறைக்குள் நடந்து காட்டச் சொல்லாமல், ஒரு யூரோகூட அனுப்பக் கூடாது.

ஸ்டுடியோவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதுரையில் உட்கார்ந்தபடியே ஒப்பந்தம் போடலாம், உறுதிச் சீட்டு நிச்சயம், சமையலறைக்குச் சண்டை கிடையாது, தாளிப்பு உங்கள் இஷ்டம். இதற்கெல்லாம் விலை நடுத்தர நகரங்களிலேயே 600 யூரோ அளவில் தொடங்கி, மியூனிக்கில் ஆயிரத்தைத் தாண்டும். பல இடங்களில் ஆறு மாதமோ ஓராண்டோ தங்கியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். நவம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும் ஊரில், பேச ஆளில்லாத பதினெட்டு சதுர மீட்டருக்குள் முதல் குளிர்காலத்தைக் கழிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. வீட்டில் வசதி இருந்தால், வேறு வழியும் இல்லாவிட்டால், ஒரு செமஸ்டருக்கு எடுக்கலாம்.

என் தீர்ப்பு இதுதான். சிறிய, நடுத்தர ஊர் என்றால் யோசிக்காமல் விடுதி. இரண்டு செமஸ்டர் கழித்து ஓரளவு ஜெர்மன் பேச வந்ததும் வேகேக்கு மாறுங்கள். அப்போது வேகே நேர்காணலில் உங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். மியூனிக், பெர்லின் போன்ற இடங்களில் விடுதிப் பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு, விடுமுறைக்கோ வெளிநாட்டு செமஸ்டருக்கோ போகும் மாணவரின் அறையை இரண்டு மூன்று மாதத்துக்கு இடைவாடகைக்கு எடுங்கள். அதிலும் பதிவு செய்ய முடியும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே. பலர் அறியாத நாலாவது வழியும் ஒன்று பல நகரங்களில் இருக்கிறது: தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் அறை, வாடகைக்குப் பதில் உதவி. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேர வேலை என்பது பொதுக் கணக்கு. மின்சாரம், தண்ணீர்ச் செலவு தனி. தோட்டவேலை, கடைக்குப் போவது, கணினி சொல்லித்தருவது போன்றவைதான். பாட்டி வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது இயல்பாகவே கைவரும்.

எதில் நுழைந்தாலும் அறையை உங்களிடம் ஒப்படைக்கும் நாளன்று சுவரின் கறை, ஜன்னல் கீறல் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புப் பத்திரத்தில் எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காலி செய்த பிறகு டெபாசிட் திரும்பி வர மாதங்கள் ஆகலாம், வெப்பச் செலவுக் கணக்கு முடிய வேண்டும் என்பார்கள். அதுவரை ஜெர்மன் வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.