ப்ரெட்னிசோலோனா, டெக்ஸாமெத்தசோனா: எதற்கு எந்த இன்சுலின்?

காலை எட்டு மணிக்கு ஒரே வேளையாக 30 மி.கி. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கு, மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை 98 என்று வரலாம். அதே ஆளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 280 இருக்கலாம். வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்பினால் இந்த ஏற்றம் கண்ணில் படவே படாது.

ஸ்டீராய்டு கல்லீரலைக் கூடுதலாகக் குளுக்கோஸ் தயாரிக்க வைக்கிறது. தசைகள் குளுக்கோஸை உள்ளிழுப்பதைக் குறைக்கிறது. கணையமும் தப்புவதில்லை. குளுக்கோஸ் ஏறியதை உணர்ந்து இன்சுலினை வெளிவிடும் பீட்டா செல்கள் மந்தமாகின்றன. சாப்பிட்டதும் குடலிலிருந்து வரும் ஜிஎல்பி-1 ஹார்மோன் தூண்டினாலும் பழையபடி எழுந்து வருவதில்லை. உணவுக்குப் பிந்தைய சர்க்கரை முதலில் கெடுவது இதனால்தான். நாளடைவில் நல்ல கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். உடற்பருமன், கர்ப்பகாலச் சர்க்கரை, குடும்பத்தில் நீரிழிவு என்று ஏதாவது இருந்தவர்களுக்குப் பல சமயம் அந்தக் கையிருப்பு போதாது.

ப்ரெட்னிசோலோன் 5 மி.கி.க்கு நிகரானது, டெக்ஸாமெத்தசோன் என்ற மற்றொரு ஸ்டீராய்டில் 0.75 மி.கி. அப்படியென்றால் டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. என்பது ப்ரெட்னிசோலோன் 40 மி.கி.க்குச் சமம். மாத்திரையில் எழுதியிருக்கும் எண் சிறியது என்று அலட்சியம் வேண்டாம். ஆனால் இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. காலை ப்ரெட்னிசோலோனால் மதியத்திலிருந்து இரவு வரை சர்க்கரை ஏறி, விடியலுக்குள் இறங்கிவிடும். டெக்ஸாமெத்தசோனின் செயல் ஒன்றரை நாளுக்கும் மேல் நீடிப்பதால் வெறும் வயிற்றிலும் சர்க்கரை உயர்ந்தே நிற்கும். ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டும் நாள் முழுக்க உயர்த்தும்.

எனவே காலை ப்ரெட்னிசோலோனுக்கு, நடுத்தர நேரம் வேலை செய்யும் என்பிஹெச் (NPH) இன்சுலின்தான் எங்கள் முதல் தேர்வு. மாத்திரையோடு காலையில் போட்டால் அதன் உச்சமும் மதியம், மாலையில் விழும், இரவில் அடங்கும். அந்த இடத்தில் கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலினைக் கொடுத்தால், அது 24 மணி நேரமும் ஒரே சீராக வேலை செய்வதால் மதியத்துக்குப் போதாமலும் விடியற்காலைக்கு அதிகமாகவும் ஆகிறது. மாலை எண்ணைப் பார்த்து அளவைக் கூட்டக் கூட்ட, அதிகாலை மூன்று மணிக்குத் தாழ்சர்க்கரை வரும் ஆபத்தும் கூடும். டெக்ஸாமெத்தசோனுக்கோ கிளார்ஜின் நன்றாகப் பொருந்தும். உணவு நேரத்துக் குறுகிய கால இன்சுலினும் சேர்த்துத் தேவைப்படலாம்.

என்பிஹெச் தொடக்க அளவு: ஒவ்வொரு 10 மி.கி. ப்ரெட்னிசோலோனுக்கும் உடல் எடை கிலோவுக்கு 0.1 யூனிட், உச்சவரம்பு கிலோவுக்கு 0.4. அறுபது கிலோ உள்ளவர் 20 மி.கி. எடுத்தால் 12 யூனிட். முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருத்துவர் இன்னும் குறைத்தே தொடங்குவார். பரிசோதனையை மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் செய்ய வேண்டும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி, ஒரு வார ஸ்டீராய்டின் பாதிப்பைக் காட்டாது.

மெட்ஃபார்மின் மட்டும் போதுமா? லேசான ஏற்றத்துக்குப் போதலாம். ஆனால் அது முழுவேகம் எடுப்பதற்குள் குறுகிய ஸ்டீராய்டு கோர்ஸே முடிந்துவிடும்.

என்பிஹெச் குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டிக் கலக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் நீர்த்தும் மறுநாள் கெட்டியாகவும் ஏறும். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போகும்.

ஸ்டீராய்டைக் குறைக்கும்போது இன்சுலினையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும்: 40 மி.கி. 20 ஆனால் 24 யூனிட் 12 ஆக வேண்டும். இதை விட்டுவிடுவது வீடு திரும்பியவர்களுக்குத் தாழ்சர்க்கரை வர ஒரு முக்கியக் காரணம். சர்க்கரைக்குப் பயந்து ஸ்டீராய்டைத் தாமாகச் சட்டென்று நிறுத்துவதும் கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்திருந்தால் உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாமல் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.