வட்டைக்கும் குதிக்கவும் ஒரே பின் ஷொக் காணுமா?

"மச்சான், தியத்தலாவைப் பக்கம் ஒருக்காப் போய்க் குதிச்சுப் பார்க்கோணும். மற்ற நாளில வட்டைக்கும் போகோணும். பின்னுக்கு எந்த ஷொக் போடலாம்?" ட்ரெயில் பைக் வைத்திருப்பவர்களிடம் இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வட்டை என்றால் வயல்வெளி, தியத்தலாவையில் இருப்பது குதித்து ஓடுகிற மோட்டோகுரோஸ் தடம். கேட்கிறவர்கள் கண் வைப்பது தனி ரிசேர்வோயர் (ஒயிலுக்கும் கேஸுக்கும் தனி டப்பா) வைத்த ஷொக்கில்தான். ஆகவே, பழைய ஜப்பான் 250 சீசீ பைக்கில் ஸ்டொக் ஷொக்கைக் கழற்றிவிட்டு அப்படியொன்றைப் போட்டு, மட்டக்களப்புப் படுவான்கரை முழுக்க நீண்டகாலம் ஓட்டியதில் தெரிந்துகொண்டவை இவை. ரிசேர்வோயர் என்ன செய்யும், கிளிக்கர் எங்கே இருக்கும் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் சண்டை எங்கே என்று பார்ப்போம். ஆளும் பைக்கும் சேர்ந்து 190 கிலோ என்று வையுங்கள். ஒரு மீற்றர் உயரத்திலிருந்து தட்டையான நிலத்தில் விழுந்தால் ஏறக்குறைய 1,860 ஜூல் சக்தியை எங்கேயாவது கரைக்க வேண்டும். முன் ஃபோர்க், ரயர், மடிந்த முழங்கால் எல்லாம் பங்கு எடுத்தாலும், பெரும் பங்கு பின் ஷொக்கின் தலையில்தான். அதற்குக் கடினமான ஸ்பிரிங் வேண்டும், ஹைஸ்பீட் கொம்ப்ரெஷன் (ஷொக் வேகமாக அமுங்கும்போது வரும் தடுப்பு) இறுக்கமாக இருக்க வேண்டும், றிபவுண்ட் (அமுங்கினது திரும்பி விரிவது) கொஞ்சம் மெதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றத்தின் உச்சியில் பின்பக்கம் உதைத்துத் தூக்கி, மூக்குக் குத்த இறங்குவீர்கள்.

உன்னிச்சைப் பக்கம், வெல்லாவெளிப் பக்கம், பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகிற கிரவல் றோட்டு எல்லாம் கேட்பது இதற்கு நேர்மாறு. வெயில் காலத்தில் கிரவல் வரிவரியாக எழும்பி நிற்கும். ஒவ்வொரு வரியும் சிறியது, ஆனால் ஷொக்கின் தண்டை மிக வேகமாகத் தள்ளும். ஹைஸ்பீட் என்றால் பைக்கின் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்டு நகர்கிற வேகம். ஆகவே குதித்து இறங்கும்போது காப்பாற்றுகிற அதே இறுக்கம் கிரவலில் முதுகெலும்பை எண்ணும். றிபவுண்டும் மெதுவாக இருந்தால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் சில்லு கீழே வந்து முடிக்க நேரம் கிடைக்காது. ஷொக் படிப்படியாக அமுங்கி, கொஞ்சத் தூரத்தில் ஒரு கட்டையில் இருந்து ஓடுவதுபோல் ஆகிவிடும். பலர் "ஸ்பிரிங் கடினம்" என்று சொல்லி மென்மையான ஸ்பிரிங் தேடுவது இந்த இடத்தில்தான். றிபவுண்ட் திருகாணியை (கிளிக்கரை) இரண்டு, மூன்று கிளிக் திறந்து பார்த்துவிட்டு மறுகா ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசுங்கள்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே ஷொக்கில் ஓரளவுக்கு முடித்துத் தருவது ஷொக்கே அல்ல, அதற்குக் கீழே இருக்கிற லிங்க். ஹொண்டாவின் ப்ரோ-லிங்க், கவசாகியின் யூனி-ட்ராக், சுசுகியின் ஃபுல் ஃப்ளோட்டர் எல்லாம் பேர்தான் வேறு. சில்லு மேலே போகப்போக, அதே தூரத்துக்கு ஷொக்கை இன்னும் கூடுதலாக அமுக்கும்படி நெம்புகோலை அமைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் மெத்து, கடைசியில் கெட்டி. வரிக்கிரவலுக்கு மெத்துப் பகுதி, குதித்து இறங்க கெட்டிப் பகுதி. பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட புதுசில் இது எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்று சொன்னால் விளம்பரம் மாதிரி இருக்கும், ஆனால் உண்மை. குதிக்கவென்று வாங்கிய சாமானின் அருமை தெரிந்தது குதித்த இடத்தில் அல்ல, கரடியனாற்றிலிருந்து உள்ளே திரும்புகிற கிரவலில். பின்பக்கம் நிலத்தை விடாமல் ஒட்டிக்கொண்டே போகும்.

இனி ஆத்திரத்துக்கு வருகிறேன். அந்த லிங்க் இருக்கிற இடத்தைக் குனிந்து பாருங்கள். பின் ரயருக்கு நேர் முன்னால், எஞ்சினுக்குக் கீழே. ரயர் அள்ளி வீசுகிற சேறு முழுவதும் போய் அடிப்பது அங்கேதான். மாரியில் வட்டை வாய்க்காலைக் கடந்தால் அரைமணி நேரம் களித்தண்ணீரில் ஊறும். கல்லடி, வாகரைப் பக்கம் வீடென்றால் உப்புக் காற்று தனி. உள்ளே இருப்பது மெல்லிய ஊசிப் பெயறிங்குகள். அவை பந்துப் பெயறிங் மாதிரி முழுச் சுற்றுச் சுற்றுவதில்லை, ஒரே இடத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடும். கிறீஸ் தானாகப் பரவாது. தண்ணீர் போன இடத்தில் துரு பிடித்தால் அதே இடம் தேயும். ஊசிகள் தட்டையாகும், ஊசிகளுக்கு நடுவில் இருக்கிற கொலர் என்ற குழாயில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழும். நல்ல ஷொக்கை இறுகின லிங்கில் பூட்டினால் கிடைப்பது இறுகின ஷொக். மெத்துப் பகுதியே இல்லாமல் போய்விடும். கிளிக்கரை என்ன திருகியும் பிரயோசனமில்லை.

சோதிப்பது லேசு. எஞ்சினுக்குக் கீழே பெட்டி வைத்துப் பின் சில்லைத் தூக்கி நிறுத்துங்கள். ரயரின் மேற்பக்கத்தைப் பிடித்து மெதுவாக மேலே இழுங்கள். 'டக்' என்று ஒரு வெற்று அசைவு தெரிந்தால் லிங்கோ ஷொக்கின் கண் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அசைவே இல்லை என்றும் சந்தோஷப்பட வேண்டாம். ஷொக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, லிங்கை மட்டும் கையால் ஆட்டிப் பாருங்கள். அது சும்மா விழ வேண்டும். சுரசுரவென்று போனால் கழற்றத்தான் வேண்டும்.

கழற்றும்போது கொலரைத் தள்ளி எடுத்தவுடன் ஊசிகள் உதிரும் சில மொடல்களில். கீழே ஒரு தட்டு வையுங்கள், எத்தனை என்று எண்ணி வையுங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, காய்ந்தபின் கிறீஸை விரலால் ஊசிகளுக்கு இடையில் அடைக்க வேண்டும், மேலே பூசினால் போதாது. சாதாரண மஞ்சள் கிறீஸ் களித்தண்ணீரில் பால்போல் கரைந்துவிடும். மீனவர்கள் போட் எஞ்சினுக்குப் பாவிக்கிற மரைன் கிறீஸ் வாங்குங்கள். வாழைச்சேனைத் துறைமுகப் பக்கம் கேட்டால் கிடைக்கும், ஷொக்குக்குச் செலவழித்த காசோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. போல்ட்களை இறுக்கும்போது பைக்கின் கைநூலில் சொன்ன டோர்க்குக்கே இறுக்குங்கள், பலத்தைக் காட்ட வேண்டாம். மாரி வெள்ளாண்மை வெட்டு முடிந்து றோட்டுக் காய்ந்ததும் ஒருமுறை, மழைக்கு முன் ஒருமுறை. சேவிஸ் ஸ்டேசனில் தண்ணீர்த் துவக்கை லிங்குக்கு நேரே பிடிக்கவே விடாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீரை உள்ளே ஏற்றுவதில் அதற்கு நிகர் எந்த வாய்க்காலும் இல்லை.

இவ்வளவையும் பழைய ஷொக்குக்கும் செய்யத்தான் வேண்டும் என்பது நியாயம். ஆனால் பழையது பழுதானால் யாருக்கும் தெரியாது, அது எப்போதும் சுமார்தான். புதியது கெட்டால் ஒரே நாளில் தெரியும்.

ஸ்பிரிங் தெரிவுக்கு வருவோம். விளம்பரத்தில் 'ஃபுல்லி அட்ஜஸ்டபிள்' என்று போட்டிருந்தாலும் ஸ்பிரிங்கின் கடினத்தை எந்தத் திருகாணியும் மாற்றாது. சுருளில் 54-260 என்று எழுதியிருந்தால் மில்லிமீற்றருக்கு 54 நியூட்டன், நீளம் 260 மி.மீ. என்று அர்த்தம். கிலோவில் ஏறக்குறைய 5.5. சரியா பிழையா என்று அறிய, சில்லு அந்தரத்தில் இருக்கும்போது அக்ஸில் நட்டிலிருந்து மட்காட்டில் ஒரு குறி வரைக்கும் அளவெடுங்கள். பைக் தன் பாரத்தில் நிற்கும்போது ஒன்று, நீங்கள் சப்பாத்து, ஹெல்மெட் எல்லாம் போட்டு ஏறி இருக்கும்போது ஒன்று. மொத்த ஓட்டத்தில் (சில்லு மேலும் கீழும் போகிற தூரம்) மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஆளோடு அமுங்க வேண்டும். 300 மி.மீ. ஓட்டமுள்ள மோட்டோகுரோஸ் பைக்கில் 100, 220 உள்ளதில் 70 அளவில். அதை ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிற ரிங்கைத் திருகிச் சரியாக்கிவிட்டு, ஆளில்லாமல் எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்கள். மோட்டோகுரோஸில் 30 முதல் 40 வரை நல்லது. தனியே கொஞ்சமும் அமுங்காவிட்டால் ஸ்பிரிங் உங்களுக்கு மெத்து, மிதமிஞ்சி அமுங்கினால் கடினம். தலைகீழாகச் சொல்வதுபோல் தோன்றும். மெத்தான ஸ்பிரிங்கை உங்கள் பாரத்துக்குச் சரியாக்க ரிங்கை மிச்சம் இறுக்கியிருப்பீர்கள், அந்த இறுக்கம்தான் பைக்கைத் தூக்கி நிறுத்துகிறது.

யூரியா மூட்டை ஏற்றுகிறவர்கள் கவனமாக வாசியுங்கள். லிங்கின் நெம்பு விகிதம் 3 என்று வைத்தால், அதாவது சில்லு 3 மி.மீ. போக ஷொக் 1 மி.மீ. அமுங்கினால், சில்லில் கிடைப்பது ஸ்பிரிங்கின் பலத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். 5 கிலோ ஸ்பிரிங், 50 கிலோ மூட்டை அக்ஸிலுக்கு மேலே: 80, 90 மி.மீ. கூடுதலாக அமுங்கும். ரிங் ஒரு சுற்று பெரும்பாலும் 1.5 மி.மீ., சில்லில் அது 4.5 மி.மீ. அந்த 90ஐ ஈடுகட்ட 20 சுற்று வேண்டும், உங்களிடம் இருப்பது நாலோ ஐந்தோ. மூட்டைக்கு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் இருக்கிறது.

அந்த நாலு சுற்றையாவது சுற்ற முடிகிறதா? லொக் ரிங்குக்குக் கிட்டப் போக எயார் பொக்ஸ் விடாது. சி ஸ்பனரை நுழைத்தால் அரை விரல்கடை அசைக்கலாம். உப்பும் மண்ணும் மரையில் இறுகியிருந்தால் உளியும் சுத்தியலும்தான் என்று கராஜில் எடுப்பார்கள். அலுமினியம் ரிங்கின் பல் இரண்டு அடியில் சிதையும். அடிக்க விடாதீர்கள். முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு, மரையைக் கம்பி பிரஷால் துடைத்து, மேல் ரிங்கைத் தளர்த்திவிட்டு, ஸ்பிரிங்கையே இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினால் கீழ் ரிங்கும் கூடவே வரும். இவ்வளவு காசுக்கு விற்கிற சாமானில் கையால் திருகுகிற ஒரு குமிழ் வைக்க என்ன கேடு என்று ஒவ்வொரு முறையும் வாயில் வரும். சில விலைகூடிய மொடல்களில் ஹைட்ரோலிக் குமிழ் இருக்கிறது, இதில் இல்லை.

உயரமும் ஒரு சங்கதி. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200ஐ எடுங்கள். ஸ்டொக்கில் பின் ஓட்டம் 170 மி.மீ., ராலி கிட் போட்டால் 220. குதிக்க அருமை. ஆனால் ஈரமான குளக்கட்டில் பின் சில்லு வழுக்கும்போது கால் நிலத்தில் முட்டாவிட்டால் வாய்க்காலுக்குள்தான். அதற்குப் பயந்து நீளமான லோவரிங் லிங்க் போடுகிறார்கள். அது நெம்பு விகிதத்தையும் மாற்றி ஷொக்கை மெத்தாக்கும், சைட் ஸ்டாண்டும் நீளமாகிப் பைக் நேராக நின்று மற்றப் பக்கம் சரியும். நீண்ட ஓட்டத்தை வாங்கிப் பிறகு குறைப்பதை விட, குறைந்ததை வாங்குவது மலிவு.

லிங்கே இல்லாத வழியும் உண்டு. கேடிஎம் 1998 இல் கொண்டுவந்த பிடிஎஸ் என்ற அமைப்பு, ஷொக்கை நேரே ஸ்விங் ஆர்மில் (பின் சில்லைத் தாங்கும் கை) பூட்டியது, கெட்டிப்படுதலை ஷொக்குக்குள்ளேயே வைத்தது. 2011 இலிருந்து மோட்டோகுரோஸ் பைக்குகளை லிங்குக்கு மாற்றத் தொடங்கினார்கள், காட்டிலும் சேற்றிலும் ஓடுகிற எண்டியூரோ பைக்குகளில் பிடிஎஸ்ஸையே விடாமல் வைத்திருந்தார்கள். குதிக்க லிங்க், சேற்றுக்கு லிங்க் வேண்டாம். நமது வட்டைக்காரனிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

ஷொக்குக்குள் இருக்கிற கேஸ் பற்றிச் சுருக்கமாக. உள்ளே நைட்ரஜன் 10 பார் அளவில் இருக்கும். ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் நன்றாக இருந்து, பிறகு பின்பக்கம் துள்ளத் தொடங்கினால் கேஸ் போயிருக்கிறது, ஒயில் நுரைக்கிறது. ரயர்க்கடையில் அடிக்கிற அழுத்தம் ரயருக்கு அளந்தது, இதற்கு வேறு கேஜும் ஊசியும் வேண்டும். தண்டில் உப்புப் புள்ளி விழுந்திருந்தால் சீலை மாற்றியும் கசியும், முதலில் தண்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஆக, வாங்கலாமா? வட்டைக்கும் கிரவலுக்கும் மட்டுமென்றால் வேண்டாம். ஸ்டொக் ஷொக்குக்கு உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங், புது லிங்க் பெயறிங் கிற், ஒரு டின் மரைன் கிறீஸ். அதிலேயே முக்கால்வாசிச் சுகம் கிடைக்கும். தியத்தலாவைக்கு வருசத்தில் ஒருக்காத்தான் என்றாலும் வேண்டாம், செங்கலடியிலிருந்து ஏ5 றோட்டில் ஏறிப் போகிறபோதே காசு கரைந்துவிடும். கணக்குப் பார்த்தால் விடை அதுதான். ஆனால் இந்த ஷொக்கைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்க வருகிறவர்கள் வர வேண்டாம், விற்பனைக்கு இல்லை. கிறீஸ் போடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் வாருங்கள், ஸ்பனர் உங்களுடையது.