குழந்தைக்கு ரீனோகிராம் எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

என் மகனுக்கு 7 மாதம். வயிற்றில் இருக்கும்போதே இடது கிட்னி வீங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். நீர் மெதுவாக இறங்குகிறதா, நிஜமாகவே அடைப்பா என்று தெரிய ‘ஈசி ரீனோகிராம், லாசிக்ஸுடன்’ என்று எங்கள் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ரீனோகிராம் என்றால், லேசான கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, கிட்னி அதை எப்படி வெளியேற்றுகிறது என்று கேமராவில் பார்க்கும் சோதனை. ஈசி அப்படி ஒரு மருந்து. லாசிக்ஸ், சிறுநீரை அதிகமாகப் போக வைக்கத் தனியாகப் போடும் ஊசி. பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

“வெறும் வயித்துல கூட்டிட்டு வந்துடுங்கம்மா, தண்ணிகூட வேண்டாம்” என்றார்கள் போனில். விடியற்காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டபோது மணி பத்தரை. உதடு காய்ந்து, அழுதழுது குரலே போய்விட்டது பிள்ளைக்கு. நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். 20 நிமிடம் கேமராவுக்குக் கீழே துணியில் சுற்றிப் படுக்க வைத்துவிட்டு, “முடிஞ்சுது, போலாம்” என்றார் டெக்னீஷியன்.

சாயங்காலம் ரிப்போர்ட்: இடது பக்கம் அடைப்பு, செயல்பாடு (இரண்டு கிட்னியும் சேர்ந்து செய்யும் வேலையில் இடதின் பங்கு) 38 சதவீதம். அதைப் பார்த்த ஒரு சர்ஜன் ஆபரேஷனுக்குத் தேதியே குறித்துவிட்டார். அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எங்கள் மருத்துவர் ரிப்போர்ட்டை வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “பையன் பால் குடிச்சிருந்தானா?” அடுத்தது, “லாசிக்ஸ் எத்தனையாவது நிமிஷத்துல போட்டாங்க?” அப்போதுதான் உறைத்தது, இரண்டாவது ஊசியே போடவில்லை. ஆனால் பில்லில் லாசிக்ஸுக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். பில்லில் ஈசி மருந்து. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் டிடிபிஏ என்ற வேறொரு மருந்து.

போய்க் கேட்டால், “அன்னைக்கு ஈசி வரலை மேடம், ரெண்டும் ஒண்ணுதான்” என்கிறார்கள். ஒன்றில்லை. டிடிபிஏ வடிகட்டப்பட்டுத்தான் வெளியேறும். கைக்குழந்தையின் கிட்னிக்கு அந்த வடிகட்டும் திறன் இன்னும் முழுதாக வந்திருக்காது. அது பெரியவர்கள் அளவை எட்டவே ஏறக்குறைய 2 வயது ஆகும். ஈசியைக் கிட்னியின் நுண்குழாய்கள் தாமே இழுத்து வெளியேற்றுவதால் படம் தெளிவாக விழும். உடம்பில் நீர் வற்றியிருந்து, லாசிக்ஸும் போடாவிட்டால், வெறும் வீக்கம்கூட அடைப்பு மாதிரியே தெரியும். ஈசியில் சேர்க்கும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளின் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டிய மருந்து. ஒருநாள் கிடைக்காமல் போகலாம், புரிகிறது. “நாளைக்கு வாங்க” என்று சொல்லியிருந்தால் வந்திருப்போமே!

மூன்று வாரம் கழித்து வேறு ஊரில் மறுபடி எடுத்தோம். வயிறு நிறையப் பால் கொடுக்கச் சொன்னார்கள். லாசிக்ஸ் போட்ட நேரத்தை எங்கள் கண்முன்னே எழுதினார்கள். கடைசியில் அந்த சிஸ்டர் அவனை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். டயப்பர் நனைந்ததும், “இப்ப இன்னொரு படம் எடுக்கணும்மா” என்றார். இடது கிட்னி 47 சதவீதம். லாசிக்ஸுக்குப் பிறகு தேங்கிய மருந்தில் பாதி 9 நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், அல்ட்ராசவுண்டில் கண்காணித்தால் போதும் என்றார் மருத்துவர்.

தயவுசெய்து, பணம் கட்டும் முன் எந்த மருந்து, லாசிக்ஸ் எப்போது, சிறுநீர் போன பிறகு படம் உண்டா என்று கேளுங்கள். பால் கொடுக்கலாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். ரிப்போர்ட்டில் மருந்தின் பெயரைப் பார்க்காமல் சென்டரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

லாசிக்ஸுக்கு வாங்கியதை மட்டும் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். முழுத் தொகையையும் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.