பேட்டரி தெளிப்பானும் நீல நாசிலும்: ஒரு மக்காச்சோளப் பருவத்திற்குப் பின்

பெரம்பலூர் பக்கத்துக் கரிசல் நிலத்தில் மானாவாரி மக்காச்சோளத்திற்காகக் கடந்த புரட்டாசியில் 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான் ஒன்றை வாங்கினேன். விதைத்த மூன்றாம் நாள் அடித்த களைக்கொல்லி முதல் குருத்துக்குள் புகுந்த படைப்புழுவுக்கான மருந்து வரை எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்தினேன். கருவி நன்றாகவே உழைக்கிறது. ஆனால் உடன் தரப்படும் நாசில்களை, அதாவது மருந்தைத் தூவும் முனைகளை, அப்படியே மாட்டிக்கொண்டு வயலில் இறங்கக் கூடாது.

பெட்டிக்குள் நான்கு துளைக் கூம்பு நாசில் ஒன்றும், திருகிச் சரிசெய்யும் நாசில் ஒன்றும் இருந்தன. எது நிமிடத்திற்கு எவ்வளவு தண்ணீரை வெளியேற்றும் என்ற விவரம் கையேட்டில் எங்குமே இல்லை. இதை நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். மருந்துக் கடைகளில் டேங்குக்கு இத்தனை கிராம் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். ஓர் ஏக்கருக்கு எத்தனை டேங்க் பிடிக்கும் என்பது நாசிலையும் நடையின் வேகத்தையும் பொறுத்து மாறும்போது, அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை.

களைக்கொல்லி மண்ணின் மேல் சீராகப் படிய வேண்டும் என்பதால், விசிறி வகை நாசிலைத் தனியாக வாங்கினேன். இவற்றின் நிறம் அழகுக்காக இடப்பட்டதன்று. உலகெங்கும் பின்பற்றப்படும் வரிசைப்படி 02 எண்ணுள்ள மஞ்சள் நாசில் 3 பார் அழுத்தத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.8 லிட்டரும், 03 எண்ணுள்ள நீல நாசில் 1.2 லிட்டரும் தரும். நான் அடித்த களைக்கொல்லியான அட்ரசின் தூளாக வருவதால், சிறிய துளை அடைத்துக்கொள்ளும் என்று அஞ்சி நீலத்தையே தேர்ந்தேன்.

முதலில் வெறும் தண்ணீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்தேன். மூன்று முறை பிடித்ததன் சராசரி 1,150 மில்லி. பிறகு 25 மீட்டருக்குக் கயிறு கட்டி, நாசிலைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பிடித்து, கையை இடமும் வலமும் வீசாமல் ஒரு மீட்டர் அகலத்திற்கு நான்கு நடை நடந்தேன். அந்த 100 சதுர மீட்டருக்கு 2 நிமிடம் 40 நொடியும் 3.1 லிட்டர் தண்ணீரும் ஆயின. ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் என்பதால் 40-ஆல் பெருக்கினால் 124 லிட்டர், அதாவது ஏழே முக்கால் டேங்க். ஏக்கருக்கு 500 கிராம் அட்ரசின் என்றால் டேங்குக்கு 65 கிராம் வருகிறது.

இதே நடையில் நான்கு துளை நாசிலையும் சோதித்தபோது, நிமிடத்திற்கு 1,900 மில்லி வெளியேறியதால் ஏக்கருக்கு 200 லிட்டருக்கு மேல் பிடித்தது. அதே 65 கிராமை ஒவ்வொரு டேங்கிலும் கலந்திருந்தால் ஏக்கருக்கு 800 கிராமுக்கு மேல் மண்ணில் விழுந்திருக்கும். அட்ரசின் மண்ணில் தங்கும் மருந்து. அடுத்து விதைக்கும் பயறு வகைகளை அது பாதிக்கக்கூடும். பணம் வீணாவதைவிட இதுவே என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது.

படைப்புழுவுக்கு விசிறி நாசில் உதவவில்லை. ஒற்றைத் துளைக் கூம்பு நாசிலைக் குருத்துக்கு நேராகப் பிடித்து, செடிக்குச் செடி நின்று அடிக்க வேண்டியிருந்தது. நடை வேகம் குறைந்துவிடுவதால் அதற்கு அளவீட்டை முதலிலிருந்து மீண்டும் செய்தேன்.

கருவியின் குறைகளில் இரண்டு முக்கியமானவை. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழில் எந்த அளவுக்குறியும் இல்லை. நான் அதை எப்போதும் முழு அளவிலேயே வைத்துக்கொண்டேன். அடுத்தது, பத்து டேங்க் அடித்த பிறகு நீல நாசிலின் அளவு 1,020 மில்லியாகக் குறைந்திருந்தது. பேட்டரி இறங்க இறங்க அழுத்தமும் குறைவதே காரணம். எனவே எட்டு டேங்குக்கு மேல் ஒரே மின்னேற்றத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டேன். டேங்கில் உள்ள 16 லிட்டர் கோடும் சரியில்லை. அளந்து ஊற்றியபோது 15.4 லிட்டரிலேயே தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டது. இப்போது சரியான இடத்தில் பெயின்டால் கோடு போட்டிருக்கிறேன்.

வாங்குபவர்கள் ஒரு மென்மையான பழைய பல்துலக்கியையும் கருவியுடன் வைத்துக்கொள்ளுங்கள். அடைத்த நாசிலைக் குண்டூசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். புதிதாக இருந்தபோது அளந்ததைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகத் தண்ணீர் வெளியேறத் தொடங்கிய நாசிலை மாற்றிவிட வேண்டும். அதற்காகவே 1,150 என்ற எண்ணைத் தெளிப்பானின் மூடிக்கு உட்புறம் எழுதி வைத்திருக்கிறேன்.